எல்லாக் காசிலும் ஒரே வருஷம்

ஓசூர்
12 ஜனவரி 2024

அன்புள்ள ராஜலட்சுமி,

நேற்று உங்களைக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் மேம்பாலத்தில் ஏறி மறையும்வரை நின்றுகொண்டிருந்தேன். அறுபத்திரண்டு வயதில் பஸ் ஸ்டாண்டில் அப்படி நிற்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நின்றேன்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் அந்தக் கிளார்க் "கல்யாணம் யாருக்கு சார், பொண்ணுக்கா பையனுக்கா?" என்று கேட்டபோது நான் "எனக்குத்தான்" என்றேனே, நீங்கள் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். காது மட்டும் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். நோட்டீஸ் ஒரு மாதம் போர்டில் இருக்குமாம். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் எந்த நாளானாலும் போய்க் கையெழுத்துப் போடலாம்.

வினிதாவிடம் சொல்லிவிட்டேன். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. "அம்மா போனதிலேருந்து தனியாவே இருந்துட்டீங்கப்பா. அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். அது ராசாத்தியை நினைத்து. அதில் தவறில்லை.

நீங்கள் சொன்னபடியே போனைத் தொடாமல் எழுதுகிறேன். காலமெல்லாம் தபாலாபீஸ் கவுன்டரில் இருந்தவரிடம் வாட்ஸப் பற்றிப் பேசியது என் தப்பு.

இன்னொரு சேதி. பெங்களூர் அவென்யூ ரோடு வியாபாரியிடம் வெளிநாட்டிலிருந்து ஒரு கட்டுப் பழைய காசு வந்திருக்கிறது. அதில் துருக்கி சுல்தான் சுலைமான் காலத்து வெள்ளிக் காசு, அக்சே ஒன்று கிடைத்தது. வழக்கமான அளவுதான், சுண்டுவிரல் நகம். ஊதினால் பறந்துவிடும். விளிம்பில் ஒரு வெட்டு இருந்தாலும் அடித்த ஊரின் பெயர் முழுசாக இருக்கிறது: உஸ்கூப். நம் இரண்டு பேர் பெட்டியிலும் இல்லாத ஊர். வீட்டுக்கு வந்ததும் உங்களிடம்தான் காட்ட நினைத்தேன். காட்ட ஆளில்லாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

வருஷம் வழக்கம்போல ஹிஜ்ரி 926. சுலைமான் ஆண்ட காலம் முழுக்க அடித்த காசு எல்லாவற்றிலும் அவர் பட்டத்துக்கு வந்த வருஷத்தை மட்டும்தான் போட்டார்கள் என்று முதன்முதலில் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்களே, "கல்யாண வருஷத்தையே கடைசிவரைக்கும் போடற மாதிரி" என்று. அன்றைக்குத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது. இன்றுவரை சொன்னதில்லை.

இனியாவது 'சார்' போடாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
சௌந்தரராஜன்


கிருஷ்ணகிரி
23 ஜனவரி 2024

சௌந்தர் சார்,

வணக்கம். 'சார்' போகாது. விட்டுடுங்க.

நல்ல சேதி இல்லை. போர்டுல ஒட்டின நோட்டீஸை யாரோ போட்டோ எடுத்து, ராஜசேகர் வேலை பாக்கற கம்பெனி ஷிப்ட் குரூப்புல போட்டுட்டாங்க. "டேய் இது உங்கம்மா பேரு மாதிரி இருக்கே"ன்னு. பாதி ஷிப்ட்ல யூனிபார்மோட ஓசூர்லேருந்து வந்து நின்னான். கழுத்துல ஐடி கார்டு கூட கழட்டலை.

"ஏம்மா, உனக்கு என்ன குறைச்சல்? சோறு போடலையா, துணி எடுத்துத் தரலையா?"

"பேச ஆளில்லைடா."

"நாங்க இல்லையா?"

"நீ வந்ததும் தூங்கறே. சௌமியா குழந்தையைப் பாப்பாளா, என்னோட உக்காந்து பேசுவாளா? அவளைக் குத்தம் சொல்லலை."

அப்புறம் எங்க வீட்டுல கோபம் வந்தா வர்ற தெலுங்கு வந்துடுச்சு. அதை எழுத வேண்டாம். அவன் அப்பா போட்டோவைச் சுவத்துலேருந்து கழட்டி என் மடியில வச்சான். "இவர்கிட்ட கேட்டுட்டு வா, நான் வண்டி வச்சு அனுப்பறேன்"னான். என் போனை வாங்கிக்கிட்டான். என் காசுப் பெட்டியையும் அவன் பீரோவுல வச்சுப் பூட்டிட்டான். "இந்தத் துருக்கிக்காரன் காசுலதான் எல்லாம் ஆரம்பிச்சது"ங்கறான்.

அது பொய்யில்லை. பழையபேட்டை வெள்ளிக் கடையில உருக்கப் போட்டிருந்த கொலுசுத் துண்டுகளுக்கு நடுவுல ஓட்டை போட்ட ஒரு சின்னக் காசு கிடந்தது. அதை எடை போட்டு வாங்கினேன். அது என்னன்னு கேக்கத்தான் பெங்களூர் காசுக் கண்காட்சிக்கு வந்தேன். "இது ஆட்டோமான் காசும்மா"ன்னீங்க. நான் ஆட்டோ கம்பெனி ஏதோ வெளியிட்டதுன்னு நினைச்சேன். நீங்க சிரிக்காம விளக்கம் சொன்னீங்க. திரும்பி வர்ற பஸ்ல நீங்க கொடுத்த அரபி எழுத்துத் தாளை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் எழுத்துக்கூட்டிப் படிச்சோம். அன்னிக்கு நான் அத்திப்பள்ளி வந்ததே தெரியலை.

நான் பின்வாங்கலை. கொஞ்சம் பொறுமை வேணும். வீட்டுக்கு லெட்டர் போடாதீங்க. தபாலாபீஸ் கவுன்டர்ல இப்ப பொற்கொடி இருக்கா, எனக்கு அப்புறம் வந்தவ. அவ பேருக்கே போடுங்க. அவ எடுத்து வச்சுத் தருவா. மறக்காதீங்க.

ராஜலட்சுமி


ஓசூர்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள ராஜலட்சுமி,

நலமா? உங்களிடமிருந்து கடிதமே இல்லையே. நான் இங்கே நன்றாக இருக்கிறேன்.

முக்கியமான சேதி ஒன்று. பெங்களூர் வியாபாரியிடம் வெளிநாட்டுக் கட்டு வந்திருக்கிறது. அதில் சுலைமான் அக்சே ஒன்று கிடைத்தது. உஸ்கூப்பில் அடித்தது. நம் இரண்டு பேரிடமும் இல்லாத ஊர். விளிம்பில் சின்ன வெட்டு, ஆனால் ஊர்ப் பெயர் முழுசு. 926ஆம் வருஷம் அடித்திருக்கிறார்கள். உங்களிடம் காட்டத்தான் ஆசை.

அந்தக் கிளார்க் "பொண்ணுக்கா பையனுக்கா" என்று கேட்டதை வினிதாவிடம் சொன்னேன், ஒரே சிரிப்பு.

ராஜசேகரிடம் நம் விஷயத்தை எப்போது சொல்லப் போகிறீர்கள்? வெளியிலிருந்து தெரியவந்தால் வருத்தப்படுவான். நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது.

அன்புடன்,
சௌந்தரராஜன்


கிருஷ்ணகிரி
12 பிப்ரவரி 2024

சௌந்தர் சார்,

வீட்டு அட்ரஸுக்குப் போடாதீங்கன்னு எழுதியிருந்தேன். வீட்டுக்கே போட்டிருக்கீங்க. ராஜசேகர்தான் வாங்கினான். பிரிச்சான். சௌமியா எதிர்ல, ஹால்ல நின்னு சத்தமாப் படிச்சான். நான் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கிட்டு இருந்தேன்.

படிக்கும்போது அவன் குரல் கிண்டலாத்தான் இருந்தது. கடைசி பாராவுக்கு வந்ததும் மாறிடுச்சு. "எப்போது சொல்லப் போகிறீர்கள்"னு படிச்சுட்டு என்னைப் பாத்தான். "எங்களோட இத்தனை நாளா சண்டை போட்டுக்கிட்டு இருக்கியே, அதைக்கூட இந்தாளுக்கு எழுதலையா? இல்லை, நீ எழுதினதை அவர் படிக்கவே இல்லையா?"ன்னு கேட்டான். திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். அவன் பாவப்பட்டுக் கேட்டான்.

படிச்சீங்களா சார்? போர்டு, போட்டோ, காசுப் பெட்டி, அவங்கப்பா போட்டோவை மடியில வச்சது எல்லாம் எழுதினேனே. அதுக்கு ஒரு வார்த்தை இல்லை. உஸ்கூப் காசைப் பத்திப் போன மாசமே எழுதிட்டீங்க. அதே வெட்டு, அதே வரி. 926 அடிச்ச வருஷம் இல்லை, பட்டத்துக்கு வந்த வருஷம். எனக்கு அதைச் சொன்னவரே நீங்கதான்.

விளையாட்டுக்கு எழுதினீங்களா? இது விளையாடற நேரமா?

நான் ஒருத்தி இங்க எல்லார்கிட்டயும் தலைகுனிஞ்சு நிக்கறேன். யாருக்காக நிக்கறேன்னு நேத்து முதல் தடவையா யோசிச்சேன். இனி கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

ராஜலட்சுமி


ஓசூர்
24 பிப்ரவரி 2024

அன்புள்ள ராஜலட்சுமி,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள். பொற்கொடி பெயருக்கே அனுப்புகிறேன். உறையை வினிதா இரண்டு தடவை சரிபார்த்துவிட்டாள்.

உங்கள் ஜனவரிக் கடிதம் மேஜை டிராயரில் இருந்தது. பிரித்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் 'பொற்கொடி பேருக்கு' என்று என் கையெழுத்தில் குறித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் படித்த ஞாபகம் இல்லை. இன்று படித்தபோது புதுசாகத்தான் படித்தேன். உங்கள் மடியில் வைத்த அந்தப் போட்டோவைப் படித்ததும் அழுதுவிட்டேன். ஒரு மாதம் கழித்து அழுகிறேன் பாருங்கள்.

அந்த இரண்டாவது கடிதத்தை நான் எழுதியதே எனக்குத் தெரியாது. வியாபாரிக்குப் போன் செய்து உஸ்கூப் காசு கேட்டேனாம். "வாங்கிட்டுப் போயிட்டீங்களே சார்" என்றார். சண்டை போட்டேனாம். பிறகு பார்த்தால் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. வினிதாவிடம் முதலில் மறைத்தேன். போன வாரம் பாகலூர் ரோடு போவதற்கு டவுன் பஸ் ஏறினேன் என்றுதான் நினைத்தேன். இறங்கினால் சுற்றிலும் தக்காளிக் கூடை. தலைக்கு மேலே மலைக்கோட்டை. ராயக்கோட்டை! எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. கண்டக்டரிடம் "ஓசூருக்கு எப்படிப் போறது?" என்று கேட்டேன். "அங்கேர்ந்துதானே பெருசு இப்ப வந்தீங்க" என்றார். சிரித்துச் சமாளித்தேன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே என் போனை வாங்கி வினிதாவுக்குப் பேசினார்.

தூக்கம் சரியில்லாததாக இருக்கும். பெங்களூரில் ஒரு டாக்டரிடம் காட்ட வினிதா நாள் வாங்கியிருக்கிறாள்.

உங்கள் கடிதத்தைப் படிக்காமல் இருப்பேனா? கவுன்டரில் நீங்கள் முத்திரை குத்துகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதுவீர்கள். அதைத் தடவிப் பார்த்துத்தான் படிக்கவே ஆரம்பிப்பேன்.

சௌந்தரராஜன்


கிருஷ்ணகிரி
4 மார்ச் 2024

சௌந்தர் சார்,

உங்க லெட்டரைப் பொற்கொடி கவுன்டர்லயே நின்னு படிச்சேன். அப்படியே அவ போனை வாங்கி வினிதாவோட பேசினேன். நான் கோபத்துல எழுதினதை எல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க.

வினிதா ஒண்ணு ஒண்ணாச் சொன்னா. கேஸை மூடாம வெளியே போனது. தீபாவளிக்கு அவளுக்கு எடுத்த புடவையை மறுபடியும் எடுத்துட்டு வந்தது. இதெல்லாம் போன வருஷமே இருந்திருக்கு. நானும் யோசிச்சுப் பாத்தேன். நவம்பர்ல காசுக் கூட்டத்துக்கு வந்தப்ப நீங்க பேசறதுக்கு எழுந்தீங்க. 'எடிர்னே'ங்கற ஊர்ப் பேரு வரலை உங்களுக்கு. எத்தனை வருஷமாச் சொல்ற பேரு. நான் கீழேர்ந்து எடுத்துக் கொடுத்தேன். நீங்க சிரிச்சீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக்கூட அது பெருமையா இருந்தது, நான் எடுத்துக் கொடுத்தேனேன்னு.

டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்க. கண்டக்டரைச் சமாளிச்ச மாதிரி அவரைச் சமாளிக்காதீங்க. பஸ்ல தனியா ஏறாதீங்க. சட்டைப் பையில உங்க பேரு, வீட்டு அட்ரஸ், வினிதா நம்பர் எழுதின தாள் எப்பவும் இருக்கணும். காசுத் தட்டுல ஒவ்வொண்ணுக்கும் அடியில நான் எழுதின அட்டை இருக்கு. அதை மாத்தி வச்சுடாதீங்க.

டாக்டர் என்ன சொன்னாலும் உடனே எழுதுங்க. நான் இருக்கேன்.

ராஜலட்சுமி


ஓசூர்
20 மார்ச் 2024

அன்புள்ள லட்சுமி,

இன்று காலையில் தலை தெளிவாக இருக்கிறது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். மூன்று வார்த்தைகள் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு வேறு என்னவோ பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அதுவும் அவர் சொன்ன வார்த்தை இல்லையாம். கடிகாரம் வரையச் சொன்னார். வேலைபார்த்த காலத்தில் கம்பெனி டூல் ரூமில் முடியளவு பிசகைக் கண்டுபிடித்தவன் நான். வட்டத்தை அழகாகப் போட்டேன். எண்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஸ்கேனையும் பார்த்துவிட்டு, மறதி நோய்தான் என்றார். மாத்திரை வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்றார். வினிதா கேட்டதற்கு, "இவருக்குக் கொஞ்சம் வேகமாகவே போகிறது" என்றும் சொன்னார்.

நேற்று காசுத் தட்டை எடுத்து வைத்தேன். லென்ஸை மாட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கோடு கோடாக இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உங்கள் அட்டையைப் படித்துத்தான் அது சுல்தான் முராத்தின் காசு என்று தெரிந்தது. பக்கத்தில் சலீம். அதற்கும் உங்கள் அட்டைதான்.

லட்சுமி, வர வேண்டாம். நோட்டீஸை ரத்து செய்யச் சொல்லி வினிதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ராசாத்தி படுக்கையில் கிடந்தபோது நான்தான் எல்லாம் செய்தேன். குளிப்பாட்டினேன், தலை வாரினேன். அது கஷ்டமாகவே இல்லை. ஏன் தெரியுமா? கடைசி நாள்வரை அவளுக்கு நான் யார் என்று தெரியும். நான் அறைக்குள் வந்தால் அவள் கண் என் பின்னாலேயே வரும். அது உங்களுக்குக் கிடைக்காது. ஒருநாள் காலையில் காபியோடு வருவீர்கள், நான் "யாரும்மா நீங்க?" என்று கேட்பேன். அதைக் கேட்கவா மகனோடு சண்டை போட்டுக்கொண்டு வருவீர்கள்?

ராஜசேகரிடம் அந்தாளு வேண்டாமென்று சொல்லிவிட்டான் என்று சொல்லுங்கள். நிம்மதியாகத் தூங்குவான். நீங்களும் தூங்குங்கள்.

சௌந்தரராஜன்


கிருஷ்ணகிரி
30 மார்ச் 2024

சௌந்தர் சார்,

நோட்டீஸ் ரத்தாகலை. வினிதாகிட்ட கேட்டுட்டேன். "நீங்க சொல்லாம செய்ய மாட்டேன் ஆன்ட்டி"ன்னா. அதுக்குக் கெடு இன்னும் இருக்கு. முடியறதுக்குள்ள கையெழுத்துப் போடறோம்.

உங்க லெட்டரை ராஜசேகர் கையிலயே கொடுத்தேன். "இதையும் சத்தமாப் படி"ன்னேன். அவன் சத்தமாப் படிக்கலை. மனசுக்குள்ள படிச்சான். திருப்பித் திருப்பிப் படிச்சான். அப்புறம் மடிச்சுக் கொடுத்துட்டு, "அவரே வேண்டாங்கறாரேம்மா. நல்ல மனுசன். நல்ல முடிவு"ன்னான்.

"அவர் வேண்டாங்கறது எனக்காக. நான் போறது எனக்காக"ன்னேன்.

"உன்னை ஆயா மாதிரி வச்சுக்குவாங்கம்மா. நாளைக்கு அவருக்கு உன் பேரே தெரியாது."

"இன்னிக்குத் தெரியுதில்ல. அது போறதுக்குள்ள அவர் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"பைத்தியக்காரத்தனம்."

"தெரிஞ்சேதான் போறேன்டா."

எழுந்து வெளியே போயிட்டான். மறுநாள் நான் குளிச்சுட்டு வந்தா சாப்பாட்டு மேஜை மேல என் போனும் காசுப் பெட்டியும் இருக்கு. அவன் ஷூ மாட்டிக்கிட்டே, என்னைப் பாக்காம, "எந்த நாள்னு சொல்லு. லீவு எழுதித் தரணும். நானே கூட்டிட்டுப் போறேன்"னான். நான் பதில் சொல்றதுக்குள்ள வண்டியை எடுத்துட்டான்.

வர்ற வெள்ளிக்கிழமை, ஏப்ரல் அஞ்சு. வினிதாவோட பேசியாச்சு. அந்த நீல சட்டையைப் போட்டுக்குங்க.

ராசாத்தி அம்மாவுக்கு நீங்க செஞ்சீங்க. உங்களுக்கு நான் செய்யக் கூடாதா? நீங்க யாருன்னு கேட்டா, நான் பேரு சொல்றேன். மறுபடி கேட்டா மறுபடி சொல்றேன். கவுன்டர்ல ஒரே கேள்விக்கு ஆயிரம் பேருக்குப் பதில் சொன்னவ நான். எனக்குச் சலிக்காது.

ராஜலட்சுமி


கிருஷ்ணகிரி
9 ஏப்ரல் 2024

சௌந்தர் சார்,

இதை உங்களுக்கு அனுப்பலாமான்னு ரொம்ப யோசிச்சேன். ஆனா நடந்ததை மறைச்சு நான் உங்களுக்கு எழுதினதே இல்லை. நீங்க படிக்கிற நாள் தெளிவான நாளா இருந்தா, உங்க கல்யாணத்தன்னிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியணும்.

நாங்க போனப்ப நீங்க வினிதாவோட பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. நீல சட்டை. ஷேவ் பண்ணும்போது தாடையில கீறிக்கிட்டிருந்தீங்க. ராஜசேகர் வந்து கும்பிட்டான். நீங்க அவன் கையைப் பிடிச்சுப் பக்கத்துல உக்கார வச்சு, எந்தக் கம்பெனி, எந்த மெஷின்னெல்லாம் கேட்டீங்க. அவனும் சொன்னான். அப்பாவும் மகனும் பேசற மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

உள்ளே கூப்பிட்டாங்க. ஆபீசர் ஒரு அம்மா. உங்க பேரு கேட்டாங்க, சொன்னீங்க. ஊரு கேட்டாங்க, சொன்னீங்க. அப்புறம் என்னைக் காட்டி, "இவங்க யாருங்க சார்?"னு கேட்டாங்க.

ரொம்ப நேரம் பாத்தீங்க. "தெரிஞ்ச முகம்தான்…"னீங்க. "தபாலாபீஸ்ல பாத்திருக்கேனோ?" அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "ராசாத்தி எங்க வினிதா? இன்னும் வரலையா?"ன்னு கேட்டீங்க.

வினிதா உடைஞ்சு போயிட்டா. ஆபீசர் அம்மா பேனாவை மூடி வச்சுட்டாங்க. "அவர் புரிஞ்சு சம்மதம் சொன்னாத்தாம்மா நான் கையெழுத்து வாங்க முடியும். என்னை மன்னிச்சுக்குங்க"ன்னு சொன்னாங்க. அவங்க மேல தப்பில்லை.

நான் அழுததை நீங்க பாத்துட்டீங்க. எழுந்து வந்து, "அழாதீங்கம்மா. உங்க வேலை எதுவா இருந்தாலும் முடிச்சுக் கொடுத்துடுவாங்க. நல்ல ஆபீசர் மாதிரி தெரியுது"ன்னு எனக்கு ஆறுதல் சொன்னீங்க.

ராஜசேகர்தான் உங்களைத் தோளோட அணைச்சுக் கூட்டிட்டுப் போய் வினிதாவோட கார்ல உக்கார வச்சான். நாங்க திரும்பி வர்ற வழியில சூளகிரி தாண்டற வரைக்கும் ஓட்டினான். அப்புறம் வண்டியை ஓரமா நிறுத்திட்டு ஸ்டீரிங் மேல தலையை வச்சுக்கிட்டான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அன்னிக்குச் சாயங்காலம் வினிதா போன் பண்ணினா. கார்ல போகும்போது நீங்க, "லட்சுமிக்கு லெட்டர் போடணும், ஞாபகப்படுத்து"ன்னு சொன்னீங்களாம். அவளுக்குத் தாங்கலை. "ஆன்ட்டி, உங்க பேரு அப்பாகிட்ட அப்படியே இருக்கு. முகம்தான் போயிடுச்சு"ன்னா.

அதனால லெட்டர் எழுதறதை நிறுத்த மாட்டேன். வியாழக்கிழமை தோறும் வீட்டுக்கும் வர்றேன். யாருன்னு நீங்க கேக்க வேண்டாம். நானும் சொல்லிக் குழப்பலை. உக்காந்து காசு பாக்கலாம்.

ராஜலட்சுமி


ஓசூர்
8 ஜூலை 2024

லட்சுமி,

உங்களுக்கு என் மேல் என்ன கோபம்? கடிதம் வருகிறது. நீங்கள் வரவில்லை. நான் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ராஜசேகர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையா? நான் வந்து பேசட்டுமா? வினிதா என்னைத் தனியாகப் பஸ் ஏற விடமாட்டேன் என்கிறாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவரக் கூடாது.

வியாழக்கிழமை ஒரு அம்மா வருகிறார். வினிதாவுக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது. நல்லவர். மாம்பழம் கொண்டுவருகிறார், நறுக்கியும் தருகிறார். காசுத் தட்டை எடுத்து வைத்தால் உங்களைப் போலவே வலது பக்கத்திலிருந்து விரலை ஓட்டிப் படிக்கிறார். யாரிடம் கற்றாரோ.

அவரிடம் நான் உங்களைப் பற்றித்தான் பேசுவேன். கிருஷ்ணகிரி, தபாலாபீஸ், எல்லாம். எத்தனை தடவை சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பார். போன வாரம் நீங்கள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

நான் கையை எடுத்துக்கொண்டேன் லட்சுமி. சத்தியமாக.

அவர் மனசு நோகாமல்தான் சொன்னேன். "இனிமே வராதீங்கம்மா. எனக்குன்னு கிருஷ்ணகிரியில ஒருத்தங்க இருக்காங்க. நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம். அவங்க காதுக்குப் போனா வருத்தப்படுவாங்க" என்று. அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு போய்விட்டார். வினிதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் செய்தது சரிதானே? நீங்கள் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

சீக்கிரம் வாருங்கள்.

சௌந்தரராஜன்


கிருஷ்ணகிரி
15 ஜூலை 2024

அன்புள்ள சௌந்தர்,

உங்க லெட்டர் கிடைச்சது. படிக்கச் சுலபமா இருக்கட்டும்னு பெரிய எழுத்தா எழுதறேன்.

எனக்கு உங்க மேல கோபமே இல்லை. நீங்க செஞ்சது சரிதான். எந்தப் பொம்பளையும் இதைக் கேட்டா சந்தோஷப்படுவா. நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்தம்மாவை எனக்குத் தெரியும். தப்பானவங்க இல்லை. நீங்க பேசினது அவங்களுக்கு மனசுக்கு இதமா இருந்திருக்கும், அதுதான் கையைப் பிடிச்சுட்டாங்க. அவங்ககிட்ட சொல்லிட்டேன். இனிமே வர மாட்டாங்க. நீங்க அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. வினிதாவையும் கோவிச்சுக்காதீங்க, அவளுக்குத் தலைவலியா இருந்திருக்கும்.

மாம்பழம் நான் பார்சல்ல அனுப்பறேன். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. படிக்க முடியாத காசு ஏதாவது இருந்தா, அது மேல தாளை வச்சுப் பென்சிலால தேய்ச்சு எனக்கு அனுப்புங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சு எழுதறேன்.

நீங்க இங்க வர வேண்டாம். நான் ஏன் இன்னும் வரலைன்னு கேட்டிருக்கீங்க. ராஜசேகர் இன்னும் சம்மதிக்கலை. ரொம்பப் பிடிவாதக்காரன், அவங்கப்பா மாதிரி. நானும் விடாம கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவன் சரின்னு சொல்ற அன்னிக்கே பஸ் ஏறிடுவேன்.

உங்கள்
லட்சுமி